பதிவேட்டில் நிலைத்த வயல்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் நெல்வயல் பாதுகாப்பும் உழுகுடி உடைமையும்

முன்னுரை

தமிழகத்தின் தென்மேற்கு எல்லையாக இன்று களியக்காவிளை அமைகிறது. அதனைக் கடந்தவுடன் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. அரசியல் எல்லை 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இடப்பட்டது. நிலத்தின் அமைப்போ உழவுமுறையோ அவ்வெல்லையில் மாறுவதில்லை. மேட்டில் வீடும் மரங்களும், சரிவில் மரச்சீனியும் வாழையும், தாழ்வில் தோடு ஓடும் நெல்வயலும் என்ற அடுக்கு எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. இருபுறமும் நிலம் உடைய குடும்பங்களும் உண்டு. ஆயினும், ஒரே பாட்டனாரின் வயலில் கிழக்கே பங்கு பெற்றவருக்கும் மேற்கே பங்கு பெற்றவருக்கும் அவ்வயலின் மேல் உள்ள உரிமை இன்று ஒன்றாக இல்லை. மேற்கே உள்ளவர் கேரள நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்துக்கு (2008) உட்பட்டவர். நெல்வயல் எனக் குறிக்கப்பட்ட தம் நிலத்தில் அவர் அனுமதியின்றி வீடு கட்ட இயலாது. மண் நிரப்ப இயலாது.

இச்சட்டம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் சூழலியல் நோக்கிலோ நிலவணிக நோக்கிலோ அமைகின்றன. சட்டத்தைத் தாங்கி நிற்கும் பதிவேட்டின் வரலாறு போதிய அளவு கவனிக்கப்படவில்லை. வரி வாங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட நிலப்பகுப்பு ஒன்று, வரிப்பயன் இழந்து உறங்கிக் கிடந்து, பின்னர் பாதுகாப்பு வரையறையாக விழித்தெழுந்தது. அவ்விடைவெளியில் வாழ்ந்த தலைமுறைகளின் நடவடிக்கைகளே இன்றைய சிக்கலின் வேர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஏலாவும் விளையும்

தென்திருவிதாங்கூர் வட்டாரத்தில் குன்றுகளுக்கு இடைப்பட்ட நீண்ட நெல்வயல் பரப்பு 'ஏலா' எனப்படுகிறது. மலையாள வழக்கிலும் குமரி மாவட்டத் தமிழ் வழக்கிலும் இச்சொல் பொதுவானது. வட கேரளத்தின் 'பாடம்' இங்கு ஏலாவாகிறது. ஏலாவுக்கு மேலே சரிவில் அமையும் வறண்ட பயிர்நிலம் 'விளை'. அமரவிளை, இஞ்சிவிளை, பெருங்கடவிளை, களியக்காவிளை ஆகிய ஊர்ப்பெயர்களில் இது பின்னொட்டாக நிற்கிறது. குளத்தூர், உதியன்குளங்கரை போன்ற பெயர்கள் வயலுக்கு நீர் தந்த குளங்களை நினைவூட்டுகின்றன.

'விளை' என்ற சொல்லின் தொன்மை ஈண்டுக் கருதத்தக்கது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு கி.பி. 866ஆம் ஆண்டுக்குரியது. திருமால் கோயிலும் சாலையும் நிறுவுவதற்காக, முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து, உழக்குடிவிளை என்ற நிலத்தை மன்னன் பெற்ற செய்தியை அது தெரிவிக்கிறது. தொண்ணூற்றைந்து சட்டர்கள் பயின்ற சாலைக்காக அச்செப்பேடு கல்வி வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது. நிலவரலாற்று நோக்கில் வேறொரு செய்தியும் அதில் உண்டு. அரசன் தன் ஆட்சிக்குட்பட்ட ஊரிலும் நிலத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. ஈடு கொடுத்தே பெற்றான். பொதுநோக்கத்துக்காக ஒருவர் நிலத்தின் மேல் கைவைக்கும்போது ஈடு என்ன என்ற வினா இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது.

திருவிதாங்கூர் வருவாய்த்துறை மொழி நிலத்தை இரண்டாகப் பகுத்தது. நீர் நின்று நெல் விளைவது 'நிலம்'. வீடும் மரமும் நிற்பது 'புரையிடம்'. பொதுத்தமிழில் மண்பரப்பு அனைத்தையும் சுட்டும் நிலம் என்ற சொல், இங்கு நன்செயை மட்டும் சுட்டும் கலைச்சொல்லாகச் சுருங்கியது. சோழர் கல்வெட்டுகளில் நன்செயைக் குறிக்கும் 'நீர்நிலம்' என்ற வழக்கோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம். புரை என்பது வீடு என்னும் பொருளில் தமிழுக்கும் உரியதே. எனவே எல்லையின் மேற்கே ஒருவர் 'என் பத்திரத்தில் நிலம் என்று இருக்கிறது' என்று வருந்திக் கூறினால், தமிழகத்திலிருந்து செல்பவருக்கு அதில் வருந்துவதற்கு என்ன உண்டு என்பது விளங்காது. அவ்வொரு சொல்லில்தான் அக்குடும்பத்தின் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

வரிக்காகப் பிறந்த பகுப்பு

1865இல் (கொல்லம் 1040) வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசுக்குரிய பாட்ட நிலங்களை உழுதோருக்கு நிலைத்த உரிமையும் விற்கும் உரிமையும் வழங்கியது. மலபாரில் ஜன்மியின் கீழ்க் குடியானவர் நூறாண்டு போராடிப் பெற்ற உரிமையைத் தென்திருவிதாங்கூர் உழுகுடிகள் முன்னரே பெற்றிருந்தனர். ஆதலின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் நிலவுடைமை என்பது சிறுகுடிகளின் உடைமையாகவே பெரிதும் வளர்ந்தது. நிலம் மக்களிடையே பிரிந்து பிரிந்து சிறுத்தது.

அடுத்து நிகழ்ந்தது நிலவரித் திட்டம். 1886ஆம் ஆண்டின் (கொல்லம் 1061) அரச விளம்பரம் அதன் நெறிகளை வகுத்தது. பணி 1911 வரை நீண்டது. ஒவ்வொரு துண்டும் அளக்கப்பட்டு எண் பெற்றது. நிலத்துக்கு அதன் தரத்தை நோக்கி வரி. புரையிடத்துக்கு அதில் நிற்கும் தென்னை, பலா, கமுகு முதலிய மரங்களை நோக்கி வரி. அதாவது நிலமா புரையிடமா என்பது அன்று வெறும் விளக்கக் குறிப்பன்று. எவ்வளவு பணம் கட்டவேண்டும் என்பதை முடிவு செய்த சொல். தவறு நேர்ந்தால் குடி முறையிட்டது. மாற்றம் நேர்ந்தால் அதிகாரி கணக்கெடுத்தார். பதிவேட்டையும் மண்ணையும் ஒன்றோடொன்று பொருந்தவைத்த ஆற்றல் வரியே எனலாம்.

1946இல் அவ்வாற்றல் அறுந்தது. அவ்வாண்டின் (கொல்லம் 1121) திருவிதாங்கூர் நிலவரி விளம்பரம், எவ்வகை நிலமாயினும் ஏக்கருக்கு 14 சக்கரம் என்ற ஒரே அடிப்படை வரியை விதித்தது. இன்று கேரளத்தில் கிராம அலுவலகங்கள்தோறும் பேணப்படும் 'அடிப்படை வரிப் பதிவேடு' என்ற பெயர் இவ்வரியை நினைவுபடுத்துவது. வரிச்சுமையைக் குறைத்த சீர்திருத்தம் என்ற வகையில் அது வரவேற்கப்பட்டது. ஒருங்கிணைந்த திருவாங்கூர் கொச்சி அரசு 1955இல் இயற்றிய நிலவரிச் சட்டமும் ஒரே வீத வரியைத் தொடர்ந்தது. சமமல்லாதவற்றைச் சமமாக நடத்துவது சமத்துவத்துக்கு முரண் என்று கூறி உச்ச நீதிமன்றம் மூப்பில் நாயர் வழக்கில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பின்னர் 1961ஆம் ஆண்டின் கேரள நிலவரிச் சட்டம் வந்தது.

இவ்வரலாற்றின் ஒரு விளைவு எவராலும் எதிர்பார்க்கப்படாதது. நிலத்துக்கும் புரையிடத்துக்கும் வரி ஒன்றே ஆனபின், பதிவேட்டில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பது எவருக்கும் பொருட்டாகவில்லை. வயலில் மண்மேடு கட்டித் தென்னை வைத்தவர் 'என் நிலத்தைப் புரையிடம் என்று மாற்றுங்கள்' என்று விண்ணப்பிக்க ஏது இல்லை. மாற்றினாலும் ஒரு சக்கரம் மிச்சமில்லை. அதிகாரிக்கும் அதனைத் தேடிச் சென்று திருத்த ஏது இல்லை. மண் மாறியது, எழுத்து நின்றது.

எல்லைக்குக் கிழக்கே நிகழ்ந்ததை ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் அடங்கியிருந்தது. அது கேரளத்திலேயே நின்றது. இணைந்த பகுதிக்கென 1964இல் தமிழகச் சட்டமன்றம் தனியே ஒரு இரயத்துவாரித் தீர்வைச் சட்டம் இயற்றிற்று. நிலம், புரையிடம் என்ற பழைய பகுப்பு அங்கு நன்செய், புன்செய் ஆகியது. ஒரே திட்டத்தில் பிறந்த இரு பதிவேடுகளில் கிழக்கே இருந்ததற்கு மறுபார்வை கிடைத்தது. மேற்கே இருந்ததற்கு அது கிடைக்கவில்லை.

உணவுப் பஞ்சமும் நிலப்பயன் ஆணையும்

1960களின் இடைப்பகுதியில் கேரளம் கடும் அரிசித் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் (1955) கீழ் 1967இல் கேரள நிலப்பயன் ஆணை பிறப்பிக்கப்பட்டது. மூன்றாண்டுகள் தொடர்ந்து உணவுப்பயிர் விளைந்த நிலத்தை மாவட்ட ஆட்சியரின் எழுத்துவழி அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றலாகாது என்பது அதன் சாரம். நெல்வயலைக் காக்கும் முதல் முயற்சி இதுவே. ஆனால் இதன் நோக்கம் சூழல் அன்று, சோறு.

ஆணை இருந்தும் வயல் சுருங்கியது. 1974-75இல் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. 2007-08இல் அது ஏறத்தாழ 2.3 லட்சம் ஹெக்டேராயிற்று. காரணங்கள் பலரும் அறிந்தவை. கூலி உயர்ந்தது, நெல்விலை உயரவில்லை, வளைகுடாப் பணம் வீட்டுமனையின் விலையை ஏற்றியது, தென்னையும் வாழையும் குறைந்த ஆளில் கூடுதல் வருவாய் தந்தன. செங்கல் சூளைகளுக்குக் களிமண் வயலிலிருந்தே எடுக்கப்பட்டது. மண் எடுத்த வயல் குழியாகி நீர் தேங்க, அடுத்த வயலுக்குரியவர் நெல்லைக் கைவிட நேர்ந்தது. ஏலாவில் ஒருவர் மட்டும் தனியே நெல் விளைவிப்பது கடினம். மடை ஒன்று, தோடு ஒன்று, உழும் காலம் ஒன்று. நடுவில் இருவர் மேடு கட்டினால் கடையில் இருப்பவர் வயல் தானாகவே தரிசாகும். ஆகவே வயலை மாற்றியவர் அனைவரும் பேராசையால் மாற்றினர் என்று கூறுதல் பொருந்தாது. பலர் மாற்றப்பட்ட ஏலாவில் மாட்டிக்கொண்டவர்கள்.

நிலச்சீர்திருத்தமும் இப்படத்தில் இடம்பெறும். 1970 சனவரி 1 முதல் செயலுக்கு வந்த திருத்தங்கள் குத்தகையாளரை உடைமையாளராக்கின. குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை கிடைத்தது. 2008ஆம் ஆண்டின் சட்டமும் ஊராட்சிப் பகுதியில் வயலுடையவர் தமக்கு வீடு கட்ட மாவட்டக் குழு வழியாக அனுமதி பெறக்கூடிய உயர் அளவைப் பத்து சென்ட் (4.04 ஆர்) என்றே வகுத்தது. நகராட்சியில் ஐந்து சென்ட். கேரளத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கத் தேவையான மண் எவ்வளவு என்ற கணக்கு நாற்பதாண்டுகளில் மாறவில்லை போலும்.

1997இல் ஆலப்புழை வட்டாரத்தில், வயலில் வைக்கப்பட்ட மாற்றுப்பயிர்களை விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர் வெட்டிச் சாய்த்தனர். 'வெட்டிநிரத்தல்' என்று ஏசப்பட்ட அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற வி.எஸ்.அச்சுதானந்தன், 2008இல் சட்டம் வந்தபோது கேரள முதலமைச்சராக இருந்தார். நெல்வயல் என்பது உடைமையாளரின் பொருள் மட்டுமன்று, அதில் நட்டும் அறுத்தும் வாழும் நிலமற்றவரின் வேலையும் ஆகும் என்ற கருத்து அச்சட்டத்தின் பின்னே நின்றது. உடைமைக் குடும்பங்களின் இன்னலை ஆராய்வோர் இப்பக்கத்தை மறத்தல் ஆகாது.

2008: சொல் விழித்தெழுதல்

சட்டம் 2008 ஆகஸ்ட் 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆண்டில் ஒருமுறையேனும் நெல் விளையும் நிலமும், நெல்லுக்கு ஏற்றதாயினும் தரிசாகக் கிடக்கும் நிலமும், அவற்றைச் சார்ந்த வரப்பு, வடிகால், குளம், கால்வாய் ஆகியனவும் நெல்வயல் என வரையறுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊராட்சியிலும் ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், நெல் உழவர் பிரதிநிதிகள் அடங்கிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழு வயல்களைக் கண்டறிந்து 'தரவுத் தொகுப்பு' ஒன்றை உருவாக்க வேண்டும். மீறுவோர்க்குச் சிறைத்தண்டனையும் உண்டு. நிரப்பிய மண்ணை அகற்றி வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆணையிடும் அதிகாரம் ஆட்சியருக்கு வழங்கப்பட்டது. தரிசு விட்டால் பிறர் வழி பயிரிடச் செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

நோக்கத்தில் குறை காண இயலாது. நெய்யாற்றின்கரைப் பகுதியில் குன்றின் மேல் பெய்யும் மழை ஏலாவில் நின்றுதான் கிணறுகளுக்கு இறங்குகிறது. ஏலா மேடானால் மேட்டில் உள்ளவரின் கிணறும் வற்றும். தோடு பெருகித் தாழ்வில் உள்ளவரின் வீட்டில் நீர் புகும். சிக்கல் நோக்கத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது. வயலைக் கண்டறியும் பொறுப்பு, குறுகிய காலத்தில், நில அளவைப் பயிற்சி இல்லாத குழுவிடம் விடப்பட்டது. அத்தகைய குழுவின் கைக்கு எட்டும் ஆவணம் அடிப்படை வரிப் பதிவேடு. அதில் 'நிலம்' என்று இருந்தது தொகுப்பில் ஏறியது. முப்பதாண்டுத் தென்னை நிற்கும் தோப்பும், வீடு கட்டிப் பேரன் பிறந்த மனையும் நெல்வயலாகத் தொகுப்பில் நுழைந்தமை கேரளமெங்கும் முறையீடாக எழுந்தது. பதிவேட்டுச் சொல் முடிவானதன்று, சட்டம் வந்த நாளில் நிலத்தின் இயல்பும் கிடப்பும் நெல்லுக்கு அது ஏற்றதா என்பதுமே நோக்கத்தக்கன என்று கேரள உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூற நேர்ந்தது.

தொகுப்பில் ஏறாத நிலத்துக்கும் விடுதலை கிடைக்கவில்லை. பதிவேட்டில் நிலம் என்றிருந்து தொகுப்பில் இல்லாதவற்றை 1967ஆம் ஆண்டின் ஆணையே ஆளும் என 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பஞ்சகாலத்தில் சோற்றுக்காகப் பிறந்த ஆணை, பஞ்சம் நீங்கி அரை நூற்றாண்டுக்குப் பின் வீட்டு வரைபடத்தை மறுக்கும் ஆணையாயிற்று.

2018ஆம் ஆண்டின் திருத்தம் (2017 டிசம்பர் 30 முதல் செயற்படுவது) இவ்வகை நிலத்தை 'அறிவிக்கப்படாத நிலம்' எனப் பெயரிட்டு, கட்டணம் செலுத்தி இயல்பு மாற்றிக்கொள்ள வழி தந்தது. தொகுப்பிலிருந்து நீக்கக் கோருவதற்கு ஐந்தாம் படிவம். இயல்பு மாற்றத்துக்கு ஆறாம் படிவம். இவ்விரு படிவ எண்களும் இன்று கேரளத்து உழவர் வீடுகளில் அன்றாடச் சொற்களாகிவிட்டன. 2021 பிப்ரவரியில் 25 சென்ட் வரை கட்டணம் நீக்கப்பட்டது. அதற்கு மேல் ஓர் ஏக்கர் வரை நியாய விலையில் பத்து விழுக்காடு, ஓர் ஏக்கருக்கு மேல் இருபது விழுக்காடு. ஆனால் 2017 டிசம்பர் 30 அன்று அத்துண்டு 25 சென்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது விதி.

இவ்விதி சிறுகுடும்பத்தை எவ்வாறு தாக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தந்தை பெயரில் நாற்பது சென்ட் நிலம் என்று கொள்வோம். கேரளத்தின் சராசரி உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.18 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 44 சென்ட். ஆகவே இக்குடும்பம் கற்பனையில் மிகைப்பட்டதன்று. தந்தை 2016இல் இரு மக்களுக்கும் இருபது சென்டாகப் பிரித்து எழுதியிருந்தால் இருவருக்கும் கட்டணம் இல்லை. அவர் உயிரோடு இருக்கையில் பிரிக்க மனமின்றி 2019இல் பிரித்திருந்தால் இருவரும் கட்டணம் செலுத்த வேண்டும். நிலமோ தென்னையோ மாறவில்லை. பத்திரத்தின் நாள் மட்டுமே மாறியது. நிலவணிகர் பெருநிலத்தைத் துண்டாக்கி ஏய்ப்பதைத் தடுக்க இட்ட வேலி, இயல்பான பாகப்பிரிவினையையும் மறித்து நிற்கிறது.

பாகப்பிரிவினையில் தலைகீழாகிய மதிப்பு

தென்திருவிதாங்கூரில் மக்கள்தாய முறையினரிடையே சொத்து பெற்றோரிடமிருந்து மக்களுக்குப் பிரியும். மேட்டு விளை ஒருவருக்கு, ஏலாவில் உள்ள வயல் மற்றொருவருக்கு என்று பங்கிட்ட காலத்தில் வயல் பெற்றவரே கொடுத்துவைத்தவர். வயல் சோறு தரும். விளை மரச்சீனி தரும். விளைக்காரர் குறைப்படாதிருக்கப் பரப்பைக் கூட்டிக்கொடுத்துச் சமன் செய்தனர். வீட்டுமனையின் விலை நெல்லின் மதிப்பை முந்தியபோது இச்சமன் குலைந்தது. 2008க்குப் பின் முற்றிலும் தலைகீழாயிற்று. விளை பெற்ற கிளையினர் அதனை மனையாக்கி விற்று, மகளுக்குச் சீர் செய்து, மகனை வெளிநாடு அனுப்ப முடிந்தது. வயல் பெற்ற கிளையினரின் சொத்துக்கு வாங்குவோர் இல்லை. கட்டட அனுமதி கிடைக்காத நிலத்தில் வீட்டுக்கடன் பெறுதலும் அரிது. பாட்டனார் செய்த நல்ல பங்கீடு பேரர் காலத்தில் ஓரவஞ்சனை போலத் தோற்றமளிக்கிறது. உடன்பிறந்தாரிடையே இதனால் எழும் மனக்கசப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இதன் உச்சத்தைக் கேரளம் 2022 பிப்ரவரியில் கண்டது. எர்ணாகுளம் மாவட்டம் வடக்கன் பறவூர் அருகே, தம் சில சென்ட் மனையின் பெயரை மாற்றுவதற்காக ஓராண்டுக்கு மேல் அலுவலகங்களுக்கு நடந்த மீனவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின்னரே தேங்கிய விண்ணப்பங்களைத் தீர்க்கக் கூடுதல் பணியாளர் அமர்த்தப்பட்டனர். 2024இல் துணை ஆட்சியர்களுக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் பகிரப்பட்டது. கடலோரத்தில் நிகழ்ந்த அச்சாவுக்கும் பாறசாலை ஏலாவுக்கும் தொலைவு மிகுதி. ஆயின் இரண்டையும் இணைப்பது பதிவேட்டில் உள்ள அதே மூன்றெழுத்துச் சொல்.

உயிருள்ள வயலை உழுது காத்தவர் பெற்றது என்ன என்பதும் நோக்கத்தக்கது. வயலை நெல்லுக்காகவே பேணும் உடைமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கும் திட்டத்தை 2020இல் கேரள அரசு தொடங்கிற்று. நீரைத் தேக்கித் தரும் வயலுக்குச் சமூகம் கடன்பட்டுள்ளது என்பதை இந்தியாவில் ஓர் அரசு ஏற்றுக்கொண்டமை பாராட்டுக்குரியது. தொகையைக் கணக்கிட்டால், ஒரு ஹெக்டேர் 247 சென்ட். நாற்பது சென்ட் வயலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 324 ரூபாய் ஆகிறது. ஓர் ஆளின் அரைநாள் கூலியை ஒட்டிய தொகை அது. முஞ்சிறைச் சபையாருக்கு ஆய் மன்னன் கொடுத்த ஈட்டை இத்துடன் ஒப்பிட வேண்டுவதில்லை.

எல்லைக்கு அப்பால்

தமிழகத்தில் நெல்வயலுக்கென இத்தகைய தனிச்சட்டம் இல்லை. 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டத்தின் வழியாகவே நன்செய் மாற்றம் கட்டுப்படுத்தப்படுகிறது. அதனால் விளவங்கோட்டுக் குடும்பங்கள் படிவ எண்களை அறியாமல் வாழ்கின்றன. அங்கு வயல்கள் காக்கப்பட்டன என்று கூறுவதற்கும் இல்லை. வாழைத்தோட்டமாகவும் மனையாகவும் அவை விரைந்து மாறின. காரோட்டிலிருந்து குமரி மாவட்டத்துக்குள் செல்லும் நாற்கரச் சாலைப் பணி, குளங்களையும் வயல்களையும் ஊடறுத்துச் சென்றமையால் உழவர் எதிர்ப்பைச் சந்தித்தது. கேரளச் சட்டமும் பொதுநோக்கத்துக்காக அரசு விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது. பத்து சென்டுக்கு மாவட்டக் குழுவின் முன் நிற்கும் உழவர், ஏலாவின் குறுக்கே உயர்ந்து செல்லும் சாலையைக் கண்டு என்ன நினைப்பார் என்பதை ஊகிப்பது எளிது.

ஈழத்தில் நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதலில் உழுபவரின் குத்தகை உரிமையைக் காத்தது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடை செய்தது. அங்கு நெற்காணிகளுக்கெனத் தனிப் பதிவேடு உண்டு. 'நெற்காணி' என்ற சொல்லிலேயே நெல்லும் உரிமையும் சேர்ந்திருப்பது தமிழறிஞர் கருதத்தக்கது.

நெய்யாற்றின்கரையில் வயலைக் காக்கும் முயற்சிக்கு நீரும் ஒரு தேவை. 1950களில் கட்டப்பட்ட நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய், நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்து விளவங்கோடு வட்டத்துக்குள் நுழைவது. எல்லைக்குக் கிழக்கே 9,200 ஏக்கர் அதனை நம்பியிருந்தது. 2004இல் கேரளம் அந்நீரை நிறுத்தியது. 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2008ஆம் ஆண்டின் சட்டம் வரப்பையும் வடிகாலையும் கால்வாயையும் நெல்வயலின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. அச்சட்டத்தின் ஆட்சி இஞ்சிவிளையோடு முடிகிறது. கால்வாய் அதற்கு அப்பாலும் வெட்டப்பட்டிருக்கிறது.